கள்ளி வேலியைத் தின்ற பூச்சி

பொய் சொல்லி அடி வாங்கியவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். நான் உண்மையைச் சொல்லி அடி வாங்கியவள். அதுவும் மாரியம்மன் கோயில் முன்னால், ஊர்ச்சனம் அத்தனையும் கூடியிருந்தபோது. அப்போது எனக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு எத்தனையோ பேரை எத்தனையோ காரியங்களுக்காக மன்னித்துவிட்டேன். அந்த ஓர் அறையை மட்டும் மன்னிக்க மனசு வரவில்லை, வரவும் வேண்டாம்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கும் மேட்டாங்காட்டு ஊர். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் திரும்பின இடமெல்லாம் சப்பாத்திக்கள்ளிதான். வண்டித்தடம், ஏரிக்கரை, சுடுகாடு, கோயில் நிலம் ஒன்றையும் அது விட்டுவைக்கவில்லை. ஒரு மடல் ஒடிந்து விழுந்தால் விழுந்த இடத்திலேயே வேர் விட்டு மறுவருஷம் புதராகிவிடும். வெட்டிப் போட்டால் வெட்டின துண்டெல்லாம் முளைக்கும். தீ வைத்தால் மேலே கருகி அடியில் துளிர்க்கும். குடியானவர்கள் அதை வாய் ஓயாமல் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே, காடு என்று நாங்கள் சொல்லும் தங்கள் விளைநிலத்தைச் சுற்றி அதையே வேலியாகவும் நடுவார்கள்.

அப்பாவை எங்கள் பக்கம் அய்யன் என்போம். என் அய்யனும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது காட்டை இரண்டாக்கி நடுவில் எல்லைக்கல் நட்டார்களாம். கல்லை ஒட்டிக் கள்ளியும் வைத்தார்களாம். அது நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. எனக்கு விவரம் தெரிந்தபோது அந்தக் கள்ளி ஆள் உயரம் எழும்பி, பத்தடி அகலத்துக்குப் பரவி, கல்லை விழுங்கிவிட்டிருந்தது. வேலி யாருடையது என்று கேட்டால் அய்யன், "நம்முளுது" என்பார். பெரியப்பாவைக் கேட்டாலும் அதேதான் சொல்லுவார். முள்ளுக்குள் இறங்கி யார் உழப்போகிறார்கள் என்பதால் அந்தப் பேச்சு சண்டையாக வளரவில்லை.

பெரியப்பாவுக்கு ஒரே மகள். எனக்கு அவள் அக்கா, தோழி, வாத்தியார் எல்லாம். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு; வேலி முடிகிற ஓரத்தில் இருவரும் கூடுவோம். சிவக்கப் பழுத்த கள்ளிப்பழத்தைத் தொரட்டியால் பறித்து, மண்ணில் உருட்டிச் சுணை போக்கி, பிளந்து, உள்ளே நட்சத்திரம் மாதிரி இருக்கும் முள்ளை நகத்தால் தோண்டி எறிந்துவிட்டுத்தான் எனக்கு நீட்டுவாள். இருவர் வாயும் கையும் எந்நேரமும் சிவந்தே கிடக்கும். அவளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மணவறையில் தனக்குப் பக்கத்தில் நான்தான் துணைக்கு உட்கார வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். அதற்கென்று எனக்குப் பச்சைப் பாவாடை ஒன்று தைத்து வாங்கியாகிவிட்டது. அந்த வருஷம் முழுதும் எனக்கு உலகத்தில் வேறு காரியமே இல்லை.

மாசி மாதம் அம்மாவோடு அவள் பிறந்த ஊருக்குப் போனேன். நாமகிரிப்பேட்டைப் பக்கம். வழியெல்லாம் கள்ளிப் புதர்கள் வெளுத்துக் கிடந்தன. பஞ்சைப் பிய்த்து மடல் மடலாக ஒட்டி வைத்ததைப் போல இருந்தது. வண்டியை ஓட்டி வந்த மாமனைக் கேட்டேன்.

"சர்க்கார் பூச்சி அம்மிணி. கள்ளியை ஒழிக்கறதுக்குன்னு கொண்டாந்து உட்டிருக்கறாங்க" என்றார்.

இறங்கி, ஒரு குச்சியால் அந்தப் பஞ்சைக் குத்தினேன். உள்ளே கடுகளவில் கருஞ்சிவப்பாய் ஒரு உருண்டை. அதை நசுக்கினேன். அம்மாடி! விரலெல்லாம் சிவப்பு. குங்குமம் தோற்றுப்போகும் சிவப்பு. ஒரு கடுகுக்குள் அத்தனை நிறம் எப்படி அடங்கியது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

பின்னாளில் நான் பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஆன பிறகு அந்தப் பூச்சியைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்த உருண்டை பெண்பூச்சியாம். அதற்கு இறக்கை கிடையாது. குஞ்சாக இருக்கும்போது நல்ல இடமாகப் பார்த்துக் கள்ளியில் ஊசி வாயைக் குத்தி உட்கார்ந்தால் அத்தோடு சரி, சாகும் வரை நகராது. வெயிலுக்கும் மழைக்கும் தன் உடம்பிலிருந்தே வெள்ளை மெழுகுப் பஞ்சு நூற்றுப் போர்த்திக்கொள்ளும். ஆண்பூச்சிக்கு இறக்கை உண்டு, ஆனால் தின்ன வாயில்லை; சில நாள் பறந்துவிட்டுச் செத்துப்போகும். அந்தச் சிவப்பு, எறும்பு கடிக்காமல் இருக்கப் பூச்சி தனக்குள்ளேயே காய்ச்சி வைத்துக்கொள்ளும் மருந்து. இதன் சாதிப் பூச்சியிலிருந்துதான் சீமைப் பட்டுக்குச் சாயம் எடுத்தார்களாம். கம்பெனிக்காரர்கள் அந்தச் சாயத்துக்கு ஆசைப்பட்டு ஒரு காலத்தில் நம் நாட்டுக்குப் பூச்சி கொண்டுவந்தார்கள். வந்தது தப்பான பூச்சி. சாயமும் தேறவில்லை, வளர்த்த கள்ளியும் செத்தது. அந்தத் தப்பைப் பார்த்துத்தான், அப்படியானால் வேண்டாத கள்ளியைக் கொல்ல ஒரு பூச்சியை ஏவலாமே என்று பிற்பாடு யோசனை வந்ததாம். பெரிய மனிதர்கள் செய்யும் தப்பு இப்படித்தான் கடைசியில் சாமர்த்தியமாகிவிடுகிறது. எட்டு வயதுப் பெண் செய்தால் அதற்கு அறை.

இதெல்லாம் தெரியாத அந்த நாளில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அக்கா கல்யாணத்துக்கு அவள் கையை நான் சிவக்க வைக்க வேண்டும். பூச்சி பிடித்த மடல் ஒன்றைத் துணியில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன். அக்காவிடம் காட்டினேன். இருவரும் பேசி வைத்து, எங்கள் வேலியில் பசுமையான மடல் இடுக்கில் அதைச் செருகினோம்.

"ஆருகிட்டயும் சொல்லிப்போடாத அம்மிணி. கண்ணாலத்தன்னிக்கு எல்லாரும் அசந்து போவோணும்" என்றாள் அக்கா.

மாடு கன்று வளர்ப்பதுபோல நாங்கள் பூச்சி வளர்த்தோம். பத்து நாளைக்கு ஒரு தரம் நாலைந்தை நசுக்கிச் சோதனை பார்ப்போம். புளித்தண்ணீர் விட்டால் செங்கல் நிறமாகும். வெற்றிலைச் சுண்ணாம்பு தொட்டால் ஊதாவாகும். கள்ளிப்பழச் சாற்றில் சுண்ணாம்பு தொட்டாலோ மஞ்சளடித்துப்போகும். இரண்டும் ஒரே சிவப்புத்தான், ஒன்று ஊதாவாகிறது, மற்றொன்று மஞ்சளாகிறது. எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. நாங்களாகவே கண்டுபிடித்தோம். அந்தக் கண்டுபிடிப்பை ஊர் என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கோடையில் பூச்சி பெருகின வேகத்தை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. குஞ்சுகள் காற்றில் மிதந்து மடலுக்கு மடல் தாவின. வைகாசியில் வேலியில் பாதி வெள்ளை. ஆனி முடியும்போது மடல்கள் பழுத்து, தொங்கி, அழுகி, கொத்துக் கொத்தாய்ச் சரிந்தன. தீயும் கொடுவாளும் அழிக்க முடியாததை அது சத்தமில்லாமல் உறிஞ்சி முடித்துக்கொண்டிருந்தது. நானும் அக்காவும் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டோம்.

பெரியம்மாவுக்கு அந்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்ததும் சந்தேகமே வரவில்லை. வேலிக்கு அம்மை போட்டிருக்கிறது என்றாள். மகள் கல்யாணம் நெருங்குகிற சமயத்தில் ஆத்தா காட்டுக்குள் வந்திருக்கிறாள், குளிரப் பண்ணி அனுப்ப வேண்டும் என்று மூன்று நாள் விடியற்காலையில் தலைக்குக் குளித்து, குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து கள்ளியின் வேரில் ஊற்றினாள். வேலி நெடுக வேப்பிலையும் செருகினாள். அம்மை போட்ட மனுஷருக்கு ஊரில் என்ன செய்வார்களோ அத்தனையும் அந்த முள்ளுக்குச் செய்தாள். களை எடுக்கப் போன பெண்கள் இதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஆடி பிறந்தபோது வேலி ஏறக்குறையப் படுத்துவிட்டது. வடகோடியில் மட்டும் நாலு புதர் பூச்சி பற்றியும் பச்சை மாறாமல் நின்றது. மற்ற இடமெல்லாம் பத்தடி அகலத்துக்கு வெறும் மண். கருகருவென்று, இத்தனை வருஷம் மக்கிய மடலைத் தின்று கொழுத்த மண். எல்லைக்கல்லும் வெளியே வந்துவிட்டது. அது நின்ற இடம் கள்ளிக்கு எங்கள் பக்கத்து ஓரம். அதாவது கள்ளி நின்ற இடம் முழுவதும் பெரியப்பாவுடையது.

கல் தெரிந்த மறுநாளே அய்யன் ஊரைக் கூட்டினார். தன்னுடைய வேலியை அண்ணன் கொன்றுவிட்டார் என்பது அவர் புகார். வேருக்கு ஏதோ மருந்து ஊற்றியிருக்கிறார்கள். பெரியம்மா மூன்று நாள் குடம் குடமாக ஊற்றியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வேலி செத்ததும் ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லையும் நகர்த்தி நட்டுவிட்டார்கள். கும்பிட்டுவிட்டுப் போன அந்தப் பெண்களே சாட்சிக்கு வந்தார்கள். மஞ்சள் நிறமாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே என்ன கலந்திருந்ததோ யார் கண்டது என்றார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. கல்யாணம் நிச்சயமான பெண் என்று அக்காவைக் கூட்டத்துக்கு அழைத்து வரவில்லை.

பெரியப்பா அதிகம் பேசத் தெரியாதவர். "ஆத்தா சத்தியமா நான் ஒண்ணும் பண்ணுலீங்க. கற்பூரம் ஏத்துங்க, அணைக்கறேன்" என்றார். எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் எங்கள் ஊரில் அதற்கு மேல் வழக்கு கிடையாது. பொய்ச் சத்தியமானால் அம்மன் பார்த்துக்கொள்வாள். பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அப்போது அய்யன் எழுந்தார். "வேண்டாமுங்க. கூடப் பொறந்தவரு கற்பூரம் அணைச்சு, நாளைக்கி அவியூட்டுக்கு ஒண்ணுன்னா அந்தப் பாவம் எனக்குத்தானுங்க. அண்ணன் சத்தியம் பண்ண வேண்டாம்" என்றார். கூட்டம் உருகிப்போயிற்று. தம்பி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் அய்யன் ரொம்ப நல்லவர் என்றே பட்டது. இப்படி நல்லவராக இருக்கிறவருக்கு உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே என்று, பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து நடுவில் ஓடினேன்.

"நாந்தானுங்க பூச்சி வெச்சேன்! பெரீம்மா ஒண்ணும் கலக்குலீங்க, அது வெறும் மஞ்சத்தண்ணிதானுங்க!"

வழக்குத் தீர்க்க உட்கார்ந்திருந்த ஊர்க்கவுண்டர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "என்ன பூச்சி சாமி?" என்றார்.

மடியில் கட்டி வைத்திருந்த மடல் துண்டை எடுத்து, நாலு பூச்சியை உள்ளங்கையில் நசுக்கி நீட்டினேன். கை சிவந்து வழிந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கள்ளிப்பழம் தின்ன கை. எம்பேத்தி கையும் இப்புடித்தான் கெடக்குது. கடுகாட்டம் ஒரு பூச்சி இத்தாப்பெரிய வேலியைத் தின்னுபோடுமாக்கும்!"

கூட்டமே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழவில்லை. என்னிடம் அத்தாட்சி இருந்தது. "பழமில்லீங்க! சுண்ணாம்பு குடுங்க, காட்டறேன். பழமா இருந்தா மஞ்சளாப் போவும். பூச்சியா இருந்தா ஊதாவாவும்" என்று சொல்லி அவர் பக்கத்தில் இருந்த சுண்ணாம்பு டப்பிக்குக் கையை நீட்டினேன்.

என் விரல் டப்பியைத் தொடுவதற்கு முன்னால் அய்யனின் கை என் கன்னத்தில் விழுந்தது.

"பச்சப்புள்ளைக்குப் பழக்கிக் குடுத்து அனுப்பியிருக்கறாங்க, பாருங்க! அண்ணன் மவகூடத்தான் இவ நாளெல்லாம் வேலியோரம் நிப்பா" என்றார்.

ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு. நான் கேட்டது அவ்வளவுதான். அதைத் தந்திருந்தால் அங்கேயே வழக்கு முடிந்திருக்கும். அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லையே! மாமனைக் கேளுங்கள், அந்த ஊரில் சர்க்காரே பூச்சி விட்டிருக்கிறார்கள் என்று கத்தினேன். அம்மாவைப் பார்த்தேன். அதே வண்டியில் என்னோடு வந்தவள், மாமன் சொன்னதைத் தன் காதால் கேட்டவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அய்யனையாவது கோபக்காரர் என்று விடலாம். அம்மா மேல் எனக்கு வந்த ஆத்திரம் அதைவிடப் பெரியது.

அதுவரை தலை குனிந்திருந்த பெரியப்பா தன் மகள் பேச்சு வந்ததும் எழுந்தார். "தம்பி, அந்த மண்ணை நீயே வெச்சுக்க. கல்லையும் புடுங்கிப் போட்டுக்க. ஆனா கண்ணாலம் ஆவப்போற புள்ளையைச் சந்தியில இழுத்துட்டியே! நீயும் உன்ற ஊட்டாரும் இனி என்ற வாசப்படி மிதிக்க வேண்டாம்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வேலியை அழித்தவருக்கு வேலி நின்ற இடத்தில் பாத்தியம் இல்லை, அது தம்பிக்கே என்று ஊர்க்கவுண்டர் தீர்ப்புச் சொன்னார்.

நான் ஒரு வாரம் அய்யனோடு பேசவில்லை. சோறு வைத்தால் தின்பேன், கூப்பிட்டால் திரும்ப மாட்டேன். எட்டாம் நாள் காலையில் அவராகவே என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு கூடை, மேலே சாக்கு மூடியிருந்தது. "வா சாமி, கரட்டுக்காடு வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றார். கரட்டுக்காடு என்பது குன்றடியில் இருந்த எங்கள் இன்னொரு நிலம். அதில் முக்கால்வாசி கள்ளி மூடி, ஒரு விதையும் விதைக்க முடியாமல் கிடந்தது. அங்கே போய்ச் சாக்கை விலக்கினார். கூடை நிறையப் பஞ்சு பூத்த மடல்கள். வேலியின் வடகோடியில் மிஞ்சி நின்ற அந்த நாலு புதரிலிருந்து வெட்டி வந்திருந்தார்.

"நீ எப்புடி வெச்சே அம்மிணி? அடியிலயா, மேலயா?" என்று கேட்டார்.

என்னைக் கேட்டார்! ஊரே சிரித்த விஷயத்தை, என் அய்யன், எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பச்சை மடல் இடுக்கில் தொட்டுக்கொண்டிருக்கிற மாதிரி செருக வேண்டும், நேர் வெயில் படாத பக்கமாக வைத்தால் குஞ்சு சீக்கிரம் ஏறும் என்று சொன்னேன். நான் கை காட்டின இடத்திலெல்லாம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் செருகினார். முள் குத்துமென்று திரும்பி வரும்போது என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் தோளில் உட்கார்ந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அப்ப நான் சொன்னது நெசந்தானுங்களே அய்யா?"

"நெசந்தாஞ் சாமி. ஆரு இல்லீன்னா?"

"அப்ப ஊர்க்கவுண்டருகிட்டச் சொல்லிப்போடுங்க. பெரியப்பாகிட்டயும் சொல்லுங்க. அக்கா கண்ணாலத்துக்குப் போவோணுமில்ல?"

"சொல்லலாம், சொல்லலாம்" என்றார் அய்யன்.

என் கோபமெல்லாம் போய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அவர் வெளியே கிளம்பும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்று வாசலில் நின்று பார்ப்பேன். ஆவணி வந்தது. பெரியப்பா வீட்டில் பந்தல் போட்டார்கள். இப்போது நடுவில் வேலி இல்லாததால் பந்தல் கால் நடுவதும், வாழை கட்டுவதும், வண்டி வண்டியாகச் சனம் வந்து இறங்குவதும் எங்கள் வாசலிலிருந்தே தெரிந்தது. கல்யாணத்தன்று காலையில் யாரும் சொல்லாமலே குளித்து, பச்சைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, அய்யனைத் தேடிக்கொண்டு காட்டுக்குப் போனேன்.

வேலி நின்ற இடத்தில் அவர் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். மண் கருகருவென்று புரண்டு விழுந்தது. பந்தலில் மேளம் தொடங்கிவிட்டது. "அய்யா, இன்னுஞ் சொல்லலையா? மறந்துட்டீங்களா?" என்று கத்தினேன். அவர் மேளம் வந்த பக்கம் திரும்பவில்லை; என் பக்கமும் திரும்பவில்லை. "பாவாடையில மண்ணு படுது பாரு, ஊட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு மாட்டைத் திருப்பினார்.

கெட்டிமேளம் கேட்டது. நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து, எரியாத அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அய்யனுக்கு ஒரு காரியம் சொன்னால் ஞாபகமே இருப்பதில்லை, நீயாவது காலையில் எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவளிடம் சண்டை போட்டேன்.